மாமா கடைக்கு வந்த கம்ப்யூட்டர்

சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன். 2017 ஜூலை, ஜி.எஸ்.டி. வந்த நேரம். விருதுநகர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கற மாமா, "மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன், கடைக்கு நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு"ன்னார். அவர் கஷ்டம் என்னன்னு கேக்காமலே கம்ப்யூட்டர், பில்லிங் சாப்ட்வேர், பார்கோடு ஸ்கேனர்னு பெரிய லிஸ்ட் போட்டுக் குடுத்தேன். மொத்தம் 60,000 ரூபாய்.

ஆணி கிலோ கணக்கு, ஒயர் மீட்டர் கணக்கு. பார்கோடை எங்கே ஒட்டறது? ஸ்கேனர் தூசி அடைஞ்சு கிடந்துச்சு. பில்லு மட்டும் பளிச்னு வந்துச்சு. ஆனா ஆறே மாசத்துல சரக்கு எடுக்கக் கையில காசில்லை. அத்தையோட வளையல் அடகுக்குப் போச்சு.

அப்புறம்தான் மாமாவோட கடன் நோட்டைப் புரட்டினேன். வியாபாரம் நல்லாத்தான் நடந்திருக்கு; பணமெல்லாம் கொத்தனார், காண்ட்ராக்டர்கிட்ட பாக்கியா நிக்குது. யார், எவ்வளவு, எத்தனை நாளான்னு ஒரே பார்வையில தெரியலை. ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பேர், தொகை, தேதி. 30 நாள் தாண்டினா சிவப்பு. சனிக்கிழமை காலையில சிவப்புல இருக்கறவங்களுக்கெல்லாம் மாமா போன் போடுவார். அவ்ளோதான். ஒரு வருஷத்துல வளையலைத் திருப்பியாச்சு.

இப்பல்லாம் யாராவது "எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?"னு கேட்டா, "ராத்திரி தூக்கம் வராம எந்தக் கணக்கைப் போட்டுட்டு இருக்கீங்க?"ன்னுதான் முதல்ல கேக்கறேன். மாமாகிட்டயும் அன்னிக்கே அதைக் கேட்டிருக்கணும்.