பறித்தவரே திருப்பித் தந்த ஊர்

திருப்பூரில் பஸ் ஏறி அவிநாசி ரோடில் சுமார் எட்டு கிலோமீட்டர் வந்தால் திருமுருகன்பூண்டி. "பூண்டி கோயில் இறங்கறவங்க வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பதற்கு முன்பே ஊர் வந்துவிட்டது தெரியும். ரோடோரம் வரிசையாகச் சிற்பக் கூடங்கள். பாதி செதுக்கிய நந்தி ஒன்று வெய்யிலில் படுத்திருக்கும். பக்கத்தில் முகம் மட்டும் முடிந்த அம்மன். 'டக் டக்' என்று உளிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே பனியன் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு பறக்கும். ஒரே ரோடில் கல்லும் நூலும் பிழைப்புத் தருகிற ஊர் இது. 2021-ல் பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது என்றால் வளர்ச்சியைப் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கோயிலுக்குப் போவோம் வாருங்கள். கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற சிவஸ்தலங்கள் ஏழு. அவிநாசி, பவானி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி, அவற்றோடு இந்தப் பூண்டி. ஸ்வாமி பெயர் திருமுருகநாதர். அப்பாவுக்குப் பிள்ளையின் பெயர்! சூரனை வதம் செய்த முருகன், அந்தப் பாவம் தீர இங்கே வந்து தந்தையைப் பூஜித்தார் என்பது ஸ்தல புராணம். தெய்வமே ஆனாலும் ஓர் உயிரை எடுத்தால் மனசு கனக்கத்தானே செய்யும்? அந்தக் கனத்தை இறக்கி வைத்த இடம் என்பதால்தான் மனம் பேதலித்தவர்களை இங்கே அழைத்து வரும் வழக்கம் ஏற்பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வேடுபறித் திருவிழா

மாசி மாதம் இங்கே தேர்த் திருவிழா. அதையொட்டி வரும் வேடுபறி உற்சவம் பூண்டிக்கே உரிய விசேஷம். வழிப்பறிக்கு ஒரு திருவிழாவா என்கிறீர்களா? கதையைக் கேளுங்கள்.

சுந்தரர் தம் நண்பர் சேரமான் பெருமாளைப் பார்த்துவிட்டு மலைநாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். சேரமான் பொன்னும் மணியும் பட்டாடைகளும் மூட்டை மூட்டையாகக் கொடுத்தனுப்பியிருந்தார். பூண்டிக் காட்டுவழியில் வந்தபோது வேடர்கள் வளைத்துக்கொண்டு அத்தனையையும் பறித்துப் போய்விட்டார்கள். வேடர்களாக வந்தது சிவனுடைய பூதகணங்கள். அனுப்பி வைத்தவர் அந்தச் சிவனேதான். 'சேரமான் கொடுத்ததாக இருக்கக்கூடாது, நான் கொடுத்ததாக இருக்கவேண்டும்' என்று அவருக்கு ஒரு செல்லப் பிடிவாதம்!

சுந்தரர் என்ன செய்தார்? நேரே கோயிலுக்குப் போய் ஸ்வாமியிடம் சண்டை போட்டார். 'அடித்துப் பறிக்கிறார்கள், கட்டியிருக்கும் துணியைக்கூட உருவுகிறார்கள், இப்படிப்பட்ட இடத்தில் உமக்கு என்ன வேலை?' என்ற பொருளில் ஒரு பதிகமே பாடிவிட்டார். ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பறிபோன மூட்டைகள் எல்லாம் அப்படியே கோயில் வாசலில் வந்து குவிந்தனவாம். அவிநாசிக்கும் பூண்டிக்கும் நடுவில் 'கூப்பிடு விநாயகர்' என்று ஒரு பிள்ளையார் இருக்கிறார். தவித்து நின்ற சுந்தரரைக் கூப்பிட்டு வழி சொன்னவர் என்று கதை.

சுந்தரர் காலத்துக்குப் பிறகு சுமார் 1,200 வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு வழிப்போக்கர் உடம்பிலிருந்து துணியை உருவிய இடம் இது. இன்றைக்கு இந்த வட்டாரத்துப் பெண்கள் தைத்து மடித்து அனுப்பும் துணியை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் போட்டுக்கொள்கிறார்கள். சுந்தரர் இப்போது வந்தால் புகார்ப் பாட்டை மாற்றிப் பாடுவாரோ என்னவோ!

எனக்குப் பிடித்த சிற்பம்

இந்தக் கோயிலில் எத்தனையோ பார்க்க இருக்கிறது. என் மனசில் நிற்பது அந்த வேடுபறிச் சிற்பங்கள்தான். வில்லோடு வேடனாக ஸ்வாமி. பொருளைப் பறிகொடுத்து வாடிய முகத்தோடு ஒரு சுந்தரர். எல்லாம் திரும்பக் கிடைத்துச் சிரித்த முகத்தோடு இன்னொரு சுந்தரர். ஒரே ஆள், இரண்டு முகம். அழுவதைக் காட்டக் கண்ணீர் ஒன்றும் செதுக்கவில்லை. உதட்டிலும் கன்னத்திலும் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். குழந்தைகளை அழைத்துப் போனால் "எது சோக சாமி, எது சந்தோஷ சாமி, கண்டுபிடி பார்க்கலாம்" என்று கேளுங்கள். நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்தக் கைவேலையின் வாரிசுகள்தான் ரோடோரச் சிற்பிகள். ஒரு கூடத்தில் நின்று பேச்சுக் கொடுத்தேன். பெரியவர் ஒருவர், "வாங்க அம்மிணி, அந்தப் பக்கம் தூசு, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

முதலில் கல்லைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று மணி மாதிரி ஒலித்தால் ஆண் கல், தாளம் போல மெல்ல ஒலித்தால் பெண் கல், ஒலியே வராவிட்டால் நபும்சகக் கல். ஆண் தெய்வத்துக்கு ஆண் கல், அம்மனுக்குப் பெண் கல், பீடம் போன்றவற்றுக்கு மூன்றாவது. பிறகு காவியால் கல்லின் மேல் உருவத்தை வரைந்து கோடு போடுவார்கள்.

அளவுக்கெல்லாம் கணக்கு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம். அது பன்னிரண்டு அங்குலம் என்று பிரிக்கப்படும். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். மொத்த உயரம் ஒன்பது முகம் என்றால் நவதாளம். பிள்ளையாருக்கு ஐந்தே தாளம். குழந்தை உருவங்களுக்கும் இப்படிக் குறைந்த கணக்குதான்.

"ஏனுங்க அப்படி?" என்று கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "கொழந்தைக்குத் தலைதானுங்களே பெருசு!" என்றார். நிஜம்தானே! பிறந்த குழந்தையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். நாம் தொட்டிலில் பார்ப்பதைச் சிற்ப சாஸ்திரம் கணக்கில் போட்டு வைத்திருக்கிறது. கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதற்குப் பிறகு அது கல் இல்லை, ஸ்வாமி.

வெளிநாட்டில் தமிழர்கள் கட்டும் கோயில்களுக்கும் இங்கிருந்து சிலைகள் போகின்றன. இப்போது கட்டிங் மெஷின் வந்துவிட்டதால் வேலை வேகம். ஆனால் தூசும் அதிகம்! இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. கருங்கல் தூசில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் 'சிலிகோசிஸ்' என்ற நோய் வரும். வந்துவிட்டால் நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. காச நோயும் சுலபமாகத் தொற்றும். தடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. கல்லை நனைத்துக்கொண்டே அறுக்கவேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. என்-95 மாஸ்க் வேண்டும். வீட்டுக்காரர் கல் வேலை செய்பவரானால், வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள். வெளியிலேயே தண்ணீரில் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் அவர் குளித்துவிட்டு வரட்டும்.

நாற்பத்தெட்டு நாள்

பின்னால் சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம். இக்கோயிலில் மனநலம் குன்றியவர்களை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் தீர்த்தத்தில் ஸ்நானம் செய்வித்து ஸ்வாமி கும்பிட வைக்கும் நம்பிக்கை நெடுநாளாக உண்டு.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குச் சில வருஷங்களுக்கு முன் தலைப்பிரசவம் ஆனது. இரண்டாவது வாரம் தூக்கம் போய்விட்டது. குழந்தையை யாரோ பறித்துப் போக வருகிறார்கள் என்று மூலையில் கட்டிப்பிடித்து உட்கார்ந்துகொண்டாள். சோறு கொடுத்தால் விஷம் என்றாள். "காத்து கறுப்பு" என்றார்கள் சிலர். "பூண்டிக்குக் கூட்டிட்டுப் போய் மண்டலம் இருக்கலாம்" என்றார் மாமியார். பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்க வந்த கிராம சுகாதார நர்ஸ் மட்டும் நிலைமையைப் பார்த்ததுமே, "அம்மா, இது பிரசவத்துக்கப்புறம் வர்ற மனநோய்ங்க. இன்னைக்கே டாக்டர்கிட்டப் போகோணும், நாளைக்குன்னு சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த மாமியாரை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். 'நர்ஸ் யார் எனக்குச் சொல்ல' என்று முறுக்கிக்கொள்ளவில்லை. அன்று மாலையே டாக்டரிடம் காட்டினார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீடு திரும்பிய பிறகு, "மாத்திரையும் குடுக்கறேன், சாமியும் கும்பிட வைக்கறேன், ரெண்டும் நடக்கட்டும்" என்றார். டாக்டரும் மறுக்கவில்லை. "மருந்தை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. ராத்திரி அவங்களைத் தூங்க விடுங்க" என்றாராம்.

அப்புறம்தான் பூண்டியில் வீடு எடுத்துத் தங்கினார்கள். ஒரு வாரம் நான் துணைக்கு இருந்தேன். விடிகாலையில் எழுந்து கோயில். பிராகாரத்தில் ஈரக்கல்லில் நடை. "கொழந்தை அளுகாம இருக்குதா அம்மிணி?" என்று விசாரிக்கும் பூக்காரம்மா. யாரும் அவளைப் 'பைத்தியம்' என்று ஒதுங்கிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம், வேடுபறிச் சிற்பத்துக்கு முன் நின்றவள், "இவருக்கும் எல்லாம் திரும்பக் கிடைச்சிருச்சில்ல?" என்று கேட்டாளாம். மாமியார் போனில் சொல்லும்போதே அழுதுவிட்டார். இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.

மருந்தா, ஸ்வாமியா, எது குணப்படுத்தியது என்று நீங்கள் கேட்கலாம். மருந்து வேலை செய்தது என்று டாக்டர் சொல்கிறார், நான் நம்புகிறேன். கோயில் ஒன்றுமே செய்யவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தென்னிந்தியக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. சங்கிலி இல்லை, அடி இல்லை. அன்பான, பயமில்லாத சூழல். நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தனவாம். அதே சமயம் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது? சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிப்போனார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சொல்கிறது. கட்டிப்போடும் இடமும் மருந்தை நிறுத்தச் சொல்லும் இடமும், எந்தத் தெய்வத்தின் பெயரில் இருந்தாலும், நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம்.

இளம் தாய்மாருக்குச் சில வார்த்தைகள். பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம்; இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். அதற்கு மேலும் சோர்வு, குழந்தை மேல் பிடிப்பின்மை, 'நான் லாயக்கில்லை' என்ற எண்ணம் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தாய்மாரில் சுமார் 22 சதவீதத்தினருக்கு இது காணப்பட்டது. ஐந்தில் ஒருத்தி! வெட்கப்பட என்ன இருக்கிறது? தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, பிறரைச் சந்தேகித்தால் அது அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கே வருவது. ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தானது. அவளைக் குழந்தையோடு தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு; டாக்டர் பார்த்துக் கொடுப்பார். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம்.

போக விரும்புவோருக்கு

பூண்டியிலிருந்து அவிநாசி சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். அங்கேயும் சுந்தரர் கதை உண்டு. எதிரெதிர் வீடுகள், ஒன்றில் பூணூல் கல்யாண மேளம், இன்னொன்றில் அழுகை. மூன்று வருஷத்துக்கு முன் முதலை விழுங்கிய பையன் இருந்திருந்தால் அவனுக்கும் இன்றைக்குப் பூணூல் என்று பெற்றவர்கள் அழுதார்கள். சுந்தரர் பதிகம் பாடிப் பிள்ளையை மீட்டுக் கொடுத்தாராம். இரண்டு கோயிலையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். கைக்குழந்தை இருந்தால் வெய்யில் ஏறுமுன் போய்விடுங்கள். கருங்கல் தரை மத்தியானத்தில் கொதிக்கும். தண்ணீரும் மாற்றுத் துணியும் கையோடு இருக்கட்டும். திரும்பும் வழியில் சிற்பக் கூடம் ஒன்றில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உள்ளங்கை அளவுப் பிள்ளையார் வாங்கினால் பேரம் பேசுமுன் அந்தக் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.