சிறகின் துணிக்கு அடியில்



ஊழியத்திற்கு என்னை ஒப்புக்கொடுப்பதற்கு முன் என்ன வேலை செய்தேன் என்று வாலிபர் கூட்டங்களில் அவ்வப்போது கேட்பார்கள். விமானத்திற்குத் துணி தைத்தேன் என்பேன். விமானிகளின் சட்டையா என்று கேட்டுச் சிரித்த பிள்ளைகளும் உண்டு. சட்டை அல்ல, விமானத்தின் சிறகுக்கே துணி.

1988-ஆம் வருடம், என் 19-ஆம் வயதில், மத்திய இந்தியாவின் ஒரு நகரத்திலிருந்த பிளையிங் கிளப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். வேதாகமக் கல்லூரிக்குப் புறப்படும் வரை இரண்டு வருடம் அந்த விமானக் கொட்டகையே எனக்கு வீடு. நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்களுக்காக பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் வடிவமைத்து, 1958-இல் முதன்முதல் பறக்கவிட்ட புஷ்பக் விமானங்கள் அங்கே நின்றன. ஒரு மூலையில் பழைய டைகர் மாத் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அது 1931-இல் இங்கிலாந்தில் பிறந்த வகை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்குச் சிறகுகள், உள்ளே மரச்சட்டம், மேலே துணி. அதை மறுபடியும் பறக்க வைக்க வேண்டும் என்று கிளப்பின் அங்கத்தினர் ஒருவர் ஆசைப்பட்டார். அந்த வேலைதான் என் கைக்கு வந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கத்து விசுவாசி ஒருவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அதிகம் பேசமாட்டார். மாலையில் கை கழுவிவிட்டு என்னையும் ஜெபக்கூட்டத்திற்கு அழைத்துச் செல்வார். அந்நிய பாஷைக்காரர் நடுவே தமிழில் பாட்டுச் சத்தம் கேட்ட அந்தச் சிறிய அறையில்தான் நான் இரட்சிக்கப்பட்டேன். அது வேறொரு சாட்சி. இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

பழைய சிறகைப் புதுப்பிக்கிறவன் முதலில் செய்ய வேண்டியது, துணியை முழுவதும் உரித்துவிடுவது. பார்வைக்குத் துணி நன்றாக இருக்கலாம், வர்ணம் பளபளக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது உரித்தால்தான் தெரியும். சிறகின் நீளத்திற்கு ஓடும் இரண்டு முதன்மைச் சட்டங்களுக்கு ஸ்பார் என்று பெயர். ஸ்புரூஸ் என்னும் லேசான மரத்தால் ஆனவை. அவற்றின் குறுக்கே விலா எலும்புகளைப்போல ரிப் என்னும் மெல்லிய மரவேலைப்பாடு. அண்ணாச்சி ஒரு கூர் ஊசியை எடுத்துக்கொண்டு மூட்டு மூட்டாகக் குத்திப் பார்ப்பார். நல்ல மரத்தில் ஊசி நிற்கும். உளுத்த மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். பிறகு மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒன்றாகும் வரை உள்ளிருக்கும் கம்பிகளை முறுக்குவார். அளவு மாறினால் சிறகு கோணலாய் நிற்கும். மேலே எத்தனை அழகாய்த் துணி போர்த்தினாலும் அந்தக் கோணல் போகாது.

துணிக்கும் கணக்கு உண்டு. முதல் தரமான பருத்தித் துணியில் ஓர் அங்குலத்திற்குக் குறைந்தது 80 இழைகள் இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலத்தில் கிழித்த துண்டு 80 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் அது நாளடைவில் பலமிழக்கும். அமெரிக்க விதிப்படி 56 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தத் துணியோடு பறக்கலாகாது. அதாவது, பாதிக்கும் மேலான பலம் இன்னும் இருக்கும்போதே அதைத் தள்ளிவிடுகிறார்கள்! தற்காலத்தில் பெரும்பாலோர் பாலியெஸ்டர் துணியைப் போர்த்தி, சூட்டுக் கணக்குத் தவறாமல் இஸ்திரிப் பெட்டியால் இறுக்குகிறார்கள். நாங்கள் பருத்தியைப் போர்த்தி டோப் பூசினோம். செல்லுலோஸைக் கரைத்துச் செய்யும் அந்தத் திரவம் காயக் காயத் துணியை மேளத்தோல்போல விறைக்கச் செய்யும். அந்நாளைய சினிமாச் சுருளின் இனத்தைச் சேர்ந்தது ஆகையால் ஒரு தீப்பொறி பட்டாலும் ஆபத்து. மழைக்காலத்தில் பூசினாலோ காற்றின் ஈரத்தைப் பிடித்து வெள்ளை பூத்துவிடும். அண்ணாச்சி வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம் தம்பி" என்று தூரிகையைக் கழுவி வைத்துவிடுவார். அப்படியே பல நாட்கள் சும்மா இருந்தோம். முதலில் நிறமற்ற பூச்சு, பின்பு அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு, கடைசியில் வர்ணம். வெயிலின் கொடுமையைத் துணியில் விழாதபடி தடுப்பது நடுவிலிருக்கும் அந்த வெள்ளிப் பூச்சு. வெளியே அது கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

எனக்கு மிகவும் பிரியமான வேலை ரிப் தையல். பறக்கும்போது காற்று துணியைப் பிய்த்து எடுக்காதபடி, ஒவ்வொரு ரிப்பையும் சுற்றி மெழுகு பூசிய நூலால் மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சிறகைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி, ஒருபுறம் அண்ணாச்சியும் மறுபுறம் நானும் உட்காருவோம். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நீண்ட ஊசி என் பக்கம் எட்டிப் பார்க்கும்; நான் இழுத்து, அளவு பார்த்து, ரிப்பின் மறுபக்கத்தில் திருப்பி அனுப்புவேன். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது நிற்க வேண்டுமே! நாள் முழுவதும் அப்படி ஊசி போய்வரும்.

அந்த வேலையில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. சிறகின் அடிப்புறம், பின்விளிம்பையொட்டிச் சிறு சிறு வளையங்கள் ஒட்டி அவற்றின் நடுவே துவாரம் விடுவார்கள். உள்ளே சேரும் ஈரம் வடிந்து போகவும் காற்று உலாவவும் அதுதான் வழி. கடைசி வர்ணம் பூசுகையில் அந்தத் துவாரங்கள் எனக்கு அவலட்சணமாகத் தோன்றின. அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்த வாரம் அது. கீழ்ச் சிறகில் ஏழெட்டுத் துவாரங்களைக் கெட்டியான டோப்பினால் மூடி, மேலே வர்ணமும் பூசிவிட்டேன். வழவழவென்று இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்து பரிசோதனைக்காகச் சிறகை அசைத்தபோது உள்ளே தண்ணீர் சலசலத்தது. அண்ணாச்சி கத்தியால் துணியைக் கீறினார். பின்விளிம்புப் பக்கம் ஐந்து ரிப்களின் நுனி கறுத்து, கையோடு உதிர்ந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "யார் அடைத்தது?" என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மறுநாள் காலையில் சொன்னேன். "நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே தூங்கியிருப்பாய்" என்றார். பிறகு இருவருமாக மூன்று மாதம் அந்தச் சிறகை மறுபடியும் உரித்துத் தைத்தோம்.

இத்தனையும் இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஜூன் மாதம் இந்த மும்பைப் பட்டணத்தின் வழக்கமான மழையில் எங்கள் சபை மண்டபத்தின் மேற்குச் சுவர் ஊறிப்போனது. சபை ஆண்டு விழாவிற்கு முன் வர்ணம் அடித்துவிடலாம் என்று வாலிபர் உற்சாகமாகத் தின்னர் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாசனை என்னை விமானக் கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டது. எசேக்கியேல் 13-ஆம் அதிகாரத்தின் சாரமற்ற சாந்தைக் குறித்து அதே மண்டபத்தில் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! அன்று அந்தப் பிரசங்கம் எனக்கே திரும்பியது.

2016-இல் எங்கள் சபையின் கட்டட நிதிக் கணக்கில் 38,000 ரூபாய் குறைந்தது. கணக்கைப் பார்த்த சகோதரனின் தாயார் அந்நேரம் மருத்துவமனையில் இருந்தார்கள். எனக்குக் காரணம் புரிந்தது. நான் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு நண்பர் எனக்குக் காணிக்கையாகக் கொடுத்த பணத்தை வைத்துக் குறைவை நிரப்பி, கணக்கு சரி என்று மூப்பர்களிடம் சொன்னேன். அன்பு பாவங்களை மூடும் என்று பேதுரு எழுதியதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். மெய்யாகவே அது அன்புதானா, அல்லது கன்வென்ஷன் நெருங்கிய வேளையில் என் சபைக்கு அவப்பெயர் வரக்கூடாது என்ற பயமா? இரண்டும் இருந்தன என்றே இன்று சொல்லுவேன், பயமே அதிகம். 2019-இல் அது லட்சங்களாய் வெளிப்பட்டது. அந்தச் சகோதரன் குடும்பத்தோடு சபையை விட்டுப் போனார். வேறு சில குடும்பங்களும் இடறிப்போயின. அப்பொழுதுகூட 2016-இல் எனக்குத் தெரிந்திருந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மிஷனரி விமானி நேட் செயின்ட்டை நம்மில் அநேகர் அறிவோம். 1946-இல் மிஷன் ஏவியேஷன் பெல்லோஷிப்பின் முதல் விமானம் மெக்சிகோவில் சேதமடைந்தபோது அதைச் செப்பனிட அனுப்பப்பட்ட மெக்கானிக் அவரே. 1956-ஆம் வருடம் ஜனவரி 8-ஆம் தேதி ஈக்வடாரில் குராரே ஆற்று மணலில் அவரும் நான்கு உடன் ஊழியரும் இரத்தசாட்சிகளாய் மரித்தார்கள். தேடிச் சென்றவர்கள் கண்ட அவருடைய பைப்பர் விமானத்தில் துணியே இல்லை; எல்லாம் கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. 1994-இல் மணலுக்குள்ளிருந்து மீட்கப்பட்ட அதன் சட்டத்தை அமெரிக்காவில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் படத்தை வேதாகமக் கல்லூரி நாட்களிலிருந்து நினைத்திருக்கும் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "அதற்கு மூடிவைக்க ஒன்றுமில்லை" என்றாள். பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்பாக எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். சிலர் அழுதார்கள், ஒரு மூப்பர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்னும் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சுவரின் பூச்சைச் சுரண்டி, மேலே கசிந்த குழாயை முதலில் சரிசெய்தோம். ஆண்டு விழா வர்ணமில்லாத சுவரோடே நடந்தது.

மறு வாரம் அம்பர்நாத்தில் அந்தச் சகோதரனின் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "உள்ளே வாருங்கள் பாஸ்டர்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அந்த 38,000 ரூபாயைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று மூன்று வாரம் காத்திருந்தேன் பாஸ்டர். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்றே வருவேன். கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்லி எனக்கு ஸ்தோத்திரம் செலுத்தினீர்கள். அதற்கு மேல் நான் எப்படிச் சொல்லுவேன்?"

என்னால் பதில் சொல்லக் கூடவில்லை. அவர் மனைவி தேநீர் வைத்துவிட்டு, "ஜெபிக்கலாமா ஐயா?" என்று கேட்டார்கள். ஜெபித்தோம். எழுந்தபின் அவர் பீரோவைத் திறந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். எடுத்த தொகை, தேதி, காரணம் எல்லாம் அவர் கைப்பட எழுதியிருந்தார். 2016-ஆம் வருடத்துப் பக்கத்தை விரித்து எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தார். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.