ஜாடியும் தீட்டும்

ஊறுகாயைப் பற்றி எழுத ஓர் ஆண்மகனுக்கு என்ன வந்தது என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஊறுகாய் ஜாடியை முன்னிட்டு நம் வீடுகளில் பெண்மக்களுக்கு இழைக்கப்பட்டு வந்த அநீதி சிறிதன்று. அதில் ஒன்றுக்கு நானே காரணமாயிருந்தவன். ஆதலின் எழுதத் துணிந்தேன்.

மலாயா விடுதலை பெற்றதற்கு அடுத்த ஆண்டு, 1958. பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் எங்கள் குடும்பம் வாழ்ந்தது. அடுப்படி மூலையிலே, வாயை வெள்ளைத் துணியாற் கட்டிய பீங்கான் ஜாடியில் பாட்டியார் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தார். மழை ஓயாத ஒருநாள் துணியை அவிழ்த்தபோது, மேலெல்லாம் வெண்பூசணம் படர்ந்திருக்கக் கண்டார். உடனே விசாரணை தொடங்கிவிட்டது. என் தந்தையாரின் தங்கை, பதினைந்து வயதுச் சிறுமி, அந்த வாரம் வீட்டுக்கு விலக்காயிருந்தவள். ஜாடியை அவள் தொட்டதில்லை. எனினும் அந்தப் பக்கமாக நடந்ததுண்டு என்று ஒப்புக்கொண்டாள். நிழல் பட்டாலே போதும், ஊறுகாய் கெட்டுவிடும் என்பது தீர்ப்பு. விறகுக் கட்டையால் அவள் பட்ட அடியை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அதற்கு முன்பு ஒருநாள், தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து, அந்த ஈரக் கையையே ஜாடிக்குள் விட்டு ஒரு துண்டைத் திருடித் தின்றவன் நான். எனக்கு அப்போது ஏழு வயது. வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல் அத்தை எந்த நாளிலும் ஊறுகாய் ஜாடியைத் தொட்டதில்லை. வாழ்க்கைப்பட்ட தோட்டத்திலும் ஓரகத்திகள் போட்டதையே வாங்கி உண்டு காலம் கழித்தார். எண்பதைத் தாண்டிவிட்ட அவர், அண்மையில் ஈப்போவிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து சில நாட்கள் தங்கினார்.

அவர் வந்த இரண்டாம் நாள் என் மகள் வெள்ளரிக்காய் ஊறுகாய் போட அமர்ந்தாள். இது எண்ணெயும் வெயிலும் வேண்டாத ஊறுகாய். நம் நாட்டு அச்சாருக்கு நெருங்கிய உறவு எனலாம். குளிர்பெட்டியிலேயே ஊறுவது. கடித்தால் நறுக்கென்று ஒலிக்க வேண்டும்; ஒலிக்காவிடில் போட்டதே வீண் என்பாள் அவள். சிறிய, கெட்டியான, விதை முற்றாத காய்களாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கியிருந்தாள். ஒவ்வொரு காயிலும் பூ இருந்த நுனியை மெல்லியதாகச் சீவி எறிந்தாள். காயைக் குழையச் செய்யும் நொதி அந்த நுனியில்தான் தங்குகிறதாம். பிறகு விரற்கனத் துண்டுகளாக அரிந்து, கல்லுப்பும் பனிக்கட்டித் துண்டுகளும் தூவி இரண்டு மணி நேரம் வைத்தாள். உப்பு காயின் நீரை வாங்குகிறது. குளிர் அதனை விறைப்பாக வைக்கிறது. அப்பால் கழுவி வடித்து, பூண்டு, கடுகு, கீறிய பச்சைமிளகாய், சிறிது மஞ்சள் இவற்றோடு கண்ணாடிப் புட்டியில் அடுக்கினாள். கடைகளில் சுக்கா என்று விற்கும் காடி, ஐந்து விழுக்காடு புளிப்புள்ளது, இரண்டு கோப்பை. தண்ணீர் இரண்டு கோப்பை. உப்பு ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை மூன்று. இதனை ஒரு கொதி வரவிட்டு, நன்றாக ஆறிய பின்னரே காயின்மேல் ஊற்றினாள். காயை வேகவைப்பதில்லை. சூடு பட்டால் அதன் சதையைக் கட்டி நிறுத்தும் பெக்டின் கரைந்து காய் துவண்டுவிடும். சுண்ணாம்புத் தெளிநீரில் காயை ஊறவைப்போரும் உண்டு. சுண்ணாம்பு அந்தப் பெக்டினை இறுக்கும். ஆயின் பன்முறை அலசாவிட்டால் அது காடியின் புளிப்பை முறித்துவிடும். புளிப்புக் குறைந்த ஊறுகாய் ஆபத்தானது. மகள் அந்த வழிக்குப் போவதில்லை.

அவள் ஊற்றி முடிக்கும் தறுவாயில், கைவலிக்கு மாத்திரை தேடிய அத்தை, மேசைமேல் பிரித்திருந்த பொட்டலம் ஒன்றைக் கண்டு நடுங்கிப்போனார்.

"இந்த நாளிலா ஆத்தா ஊறுகாய் போடுகிறாய்?"

"ஆமாம் பாட்டி. இரண்டாம் நாள்," என்று சொல்லி மகள் மூடியைத் திருகினாள்.

அத்தை மேற்கொண்டு பேசவில்லை. ஆனால் நாள்தோறும் குளிர்பெட்டியைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புட்டியை உற்றுப் பார்த்துவிட்டு மூடுவார். மூன்றாம் நாள் காலை என்னை அழைத்துக் காட்டினார். நீர் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மேடைதோறும் பகுத்தறிவு பேசிய எனக்கும் ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டது. பழைய நஞ்சு அவ்வளவு ஆழம் பாய்ந்திருக்கிறது!

மகள் வந்து பார்த்துச் சிரித்தாள். கல்லுப்புத் தீர்ந்துபோனதால் காடிநீருக்கு மேசை உப்பைப் போட்டாளாம். அது கட்டிபடாமல் உதிரியாயிருக்கச் சேர்க்கும் பொருள் நீரில் கரையாமல் கலக்கம் தரும். கெட்டிருந்தால் வழுவழுப்பும் நுரையும் துர்நாற்றமும் காட்டிக்கொடுக்குமே! புட்டியைத் திறந்து, உலர்ந்த கரண்டியால் ஒரு துண்டெடுத்துக் கடித்தாள். ஒலி கூடம் வரை கேட்டது.

"பூசணத்தின் வித்து காற்றிலே எங்கும் மிதக்கிறது பாட்டி. உப்பும் புளிப்பும் குறைந்து ஈரம் புகுந்த இடத்தில் முளைக்கும். இதுவும் வெளியே கிடந்தால் கெடும். நான்கு பாகை குளிரில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தின்றுவிட வேண்டும். நாம் விலக்கா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்?"

அப்பொழுதுதான் நான் 1958-ஆம் ஆண்டுச் செய்தியைச் சொன்னேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாமலிருந்ததை, சமையற்கட்டில் நின்றபடியே, தலைகுனிந்து சொன்னேன்.

அத்தை வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை ஈரமாகவா இருந்தது, தம்பி?"

"ஆமாம் அத்தை."

மீண்டும் மௌனம். பிறகு என் மகளிடமிருந்து கரண்டியை வாங்கி, முந்தானையால் ஒருமுறை நன்றாகத் துடைத்து, தம் கையாலேயே புட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். பல் குறைந்த வாய். மெல்லச் சிறிது நேரம் பிடித்தது. காரம் போதாது, அடுத்த தடவை மிளகாயைத் தாம் கீறித் தருவதாகச் சொன்னார்.