இன்னொருவரின் குரல்

‘தி ஸ்னோமேன்’ படத்தை ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். யோ நெஸ்போவின் நாவலை முன்னாடியே படித்திருந்தவன் நான் மட்டும்தான். “மச்சான், ராத்திரி தூங்க மாட்டீங்கடா” என்று பீற்றிக்கொண்டவனும் நான்தான். அரை மணி நேரத்தில் மானம் போய்விட்டது.

ஒஸ்லோவில் பெண்கள் காணாமல் போகிறார்கள். வாசலில் ஒரு பனிமனிதன் நிற்கிறான். நாவலில் அவன் வீட்டையே பார்த்து நிற்கும் இடத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். படத்திலோ, சாப்பாடு வேண்டாமென்று கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி இருக்கிறான். ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான், அவ்வளவுதான்.

ஹாரி ஹூலே குடியில் சிதைந்த போலீஸ்காரர். அந்த வேடத்தில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர். பனியில், பார்க்கில், போதையில் விழுந்து கிடந்தவர் எழுந்து வருகிறார், ஷாம்பு விளம்பரத்திலிருந்து வருவதுபோல. நார்வேக்காரர்கள் எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், ஆளுக்கொரு உச்சரிப்பில். ஜே.கே. சிம்மன்ஸ் ஏற்றிருக்கும் பணக்காரர் பாத்திரம் பெரிய மர்மம்போல வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமலேயே போய்விடுகிறது. கொலைகாரன் யார் என்று தெரியும்போது (சொல்லிவிடுகிறேன், யாரும் இனி பார்க்கப்போவதில்லை: ஹாரியின் முன்னாள் காதலியோடு இப்போது வாழும் டாக்டர்) ‘ஓ’ என்றுகூடத் தோன்றவில்லை. துப்பு ஒன்றோடொன்று சேர்ந்தால்தானே?

அதற்குக் காரணம் இருந்தது. திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் எடுக்கவே இல்லை என்று இயக்குநர் டோமாஸ் ஆல்ஃப்ரெட்சனே 2017இல் ஒத்துக்கொண்டார். நார்வேயில் படப்பிடிப்புக்குக் கிடைத்த நாட்கள் போதவில்லையாம். கொலை மர்மத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணோம் என்றால் அப்புறம் எதைக் கண்டுபிடிப்பது! ‘லெட் தி ரைட் ஒன் இன்’ படத்தில் அதே பனியை வைத்து நம்மை உறைய வைத்த மனுஷன் இவர்.

ஆனால் நாங்கள் அதிகம் சிரித்தது வால் கில்மரைப் பார்த்து. பெர்கன் நகரத்துக் குடிகார போலீஸ்காரர் ராஃப்டோவாகக் கொஞ்ச நேரமே வருகிறார். வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். டப்பிங் நமக்கொன்றும் புதுசில்லை; பாதிக் கதாநாயகிகளை இரவல் குரலில்தான் கேட்டு வளர்ந்தோம். இது வேறு மாதிரி, ஆளுக்குச் சம்பந்தமே இல்லாத குரல். “இந்தாள யார்றா கூப்பிட்டது?” என்று கேட்டேன். ஒரு மாசத்துக்கு மெஸ்ஸில் அந்தக் குரலை மிமிக்ரி பண்ணினேன். சாம்பார் கேட்பதுகூட ராஃப்டோ குரலில்தான்.

2021இல் வந்த ‘வால்’ ஆவணப்படத்தை ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன். தொண்டைப் புற்றுநோய். சிகிச்சையில் குரல் போய்விட்டது. கழுத்திலிருக்கும் துளையை விரலால் மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார். அவருடைய ‘நான்’ எல்லாவற்றையும் மகன் ஜாக் வாசிக்கிறார். மகன் குரலில் அப்பாவின் சாயல் இருக்கிறது.

ராஃப்டோ காட்சிகளை எடுத்தபோதே அவருக்குக் குரல் போயிருந்தது. படம் மோசம்தான், அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அந்த டப்பிங்கும் மோசம்தான்.

2025 ஏப்ரலில் அவர் இறந்த செய்தி வந்த ராத்திரி அந்த சில நிமிடங்களை மட்டும் தேடி எடுத்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். முகம் வீங்கியிருக்கிறது. எதிரில் இருப்பவரிடம் எதையோ புரியவைக்கப் பார்க்கிறார். வாய் அசைகிறது.