பெரிய ஹோட்டலில் ரசம்

ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சாப்பிட்டோம் என்று யாரிடமாவது சொல்லுங்கள். முதலில் வரும் கேள்வி, 'எவ்வளவு ஆச்சு?' நியாயமான கேள்விதான். ஒரு குடும்பத்தின் பத்து நாள் மளிகைச் செலவை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுப்பவர் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. 'இந்தக் காசுக்கு மெஸ்ஸில் ஒரு மாதம் சாப்பிடலாம்' என்று ஒரு சாரார் முடித்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் விளக்கு வெளிச்சத்தையும் வாசலில் இருந்த மலர் அலங்காரத்தையும் புகழ்ந்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இலையில் என்ன விழுந்தது, அது எப்படி இருந்தது என்று பேச ஆளில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

சென்னையில் இந்தப் பேச்சுக்கு ஒரு பின்கதை உண்டு. வெகுகாலம் இங்குள்ள பெரிய ஹோட்டல்களில் நம் சாப்பாட்டுக்கு மரியாதையான இடம் கிடையாது. காலையில் காபி ஷாப்பில் இட்லி, தோசை கிடைக்கும். ராத்திரி விருந்து என்றால் மேல்நாட்டுச் சாப்பாடு, மொகலாய், சைனீஸ். 1989-இல் ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலையில் அப்போது பார்க் ஷெரட்டன் என்ற பெயரில் இருந்த ஹோட்டலில் 'தக்ஷிண்' உணவகம் திறந்தபோது இந்த வரிசை மாறியது. தமிழகம், கேரளம், ஆந்திரம், கர்நாடகம் நான்கையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். பிரவீண் ஆனந்த் போன்ற சமையற்கலைஞர்கள் வீட்டுச் சமையலறைகளிலும் பழைய சமையல் புத்தகங்களிலும் தேடித் தேடிப் பக்குவங்களைச் சேகரித்தார்கள். தாஜ் கோரமண்டலில் 'சதர்ன் ஸ்பைஸ்', கன்னிமராவில் செட்டிநாட்டுச் சமையலுக்கென்றே 'ரெயின் ட்ரீ' என்று மற்றவர்களும் பெயர் வாங்கினார்கள். டி.டி.கே. சாலை ஹோட்டல் பிற்பாடு கிரௌன் பிளாசா என்று பெயர் மாறி, 2023 டிசம்பரில் மூடப்பட்டது. தக்ஷிண் வேறு ஊர்களில் இருக்கிறது என்றாலும், அது பிறந்த இடம் போனதில் எனக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை. வெண்டைக்காய் மோர்க்குழம்பை வெள்ளைத் துணி விரித்த மேஜையில் தலைநிமிர்ந்து பரிமாறலாம் என்று இந்த ஊருக்குக் காட்டிய இடம் அது.

நம் சாப்பாட்டைப் பெரிய விலைக்கு விற்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. இத்தாலிய பாஸ்தா எப்படி இருக்க வேண்டும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். ரசம் எப்படி இருக்க வேண்டும் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அம்மா வைத்தது, பாட்டி வைத்தது, கல்யாண வீட்டில் சாப்பிட்டது எல்லாம் நாக்கில் இருக்கின்றன. அத்தனை பேரோடும் போட்டி போட்டு, வீட்டில் இருபது ரூபாய்க்கு ஆகும் பண்டத்துக்கு நூற்றுக்கணக்கில் விலை வைக்க வேண்டும். நான் அந்தச் சமையல்காரர்களின் பக்கம்தான். அவர்கள் செய்வது எளிதான வேலை இல்லை.

பணம் எங்கே போகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சரக்குச் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஹோட்டல் தொழிலில் பொதுவான கணக்கு. பெரிய ஹோட்டலில் அது இன்னும் குறைவாகவே இருக்கும். மிச்சமெல்லாம் இடத்துக்கு, ஏசிக்கு, சலவைக்கு, சம்பளத்துக்கு. இதில் நான் மனமுவந்து கொடுப்பது ஒன்று இருக்கிறது. திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிட்டவன் நான். அந்தச் சாப்பாட்டின் ருசிக்கு எதுவும் குறைவில்லை. ஆனால் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்காக வெளியே ஆள் காத்திருக்கும். மூட்டுவலிக்காரர், பல் கட்டியவர், கைக்குழந்தைக்காரி நிதானமாகச் சாப்பிட அங்கே நேரமில்லை. பெரிய ஹோட்டலில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. வயதான பெற்றோரோடு போனவர்களுக்கு அந்த இரண்டு மணிநேரத்தின் விலை தெரியும்.

மனமில்லாமல் கொடுப்பவையும் உண்டு. உட்கார்ந்ததும், 'ரெகுலர் வாட்டரா சார், மினரல் வாட்டரா?' என்று கேட்பார்கள். கேட்கும் தோரணையிலேயே பலர் பாட்டிலுக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சட்டப்படி சரி, எனக்கு ஒப்பவில்லை. சாதாரணத் தண்ணீர் போதும் என்று கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். அடுத்தது வரி. தெருமுனை ஹோட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். மூவாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் அங்கே 150, இங்கே 540. சேவைக் கட்டணம் என்று பில்லில் தனியாக ஒரு தொகை இருந்தால், அதைக் கட்டாயப்படுத்த முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லிவிட்டு, பரிமாறியவர் கையில் நேராகப் பணம் கொடுப்பது என் பழக்கம்.

பஃபே எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. சூட்டுத் தட்டில் மூடி வைத்த அறுபது பண்டங்களில் உயிரோடிருப்பது தோசைக்கல்லில் வார்க்கும் தோசை ஒன்றுதான்.

பிறகு ஒரு பெரிய ஹோட்டலை எதை வைத்து எடைபோடுவது? பட்டியலில் மலிவாக இருப்பவற்றை வைத்து. சிங்க இறாலும் ஆட்டுக்கால் வறுவலும் கொஞ்சம் கவனமாகச் செய்தாலே தேறிவிடும். மசாலாவும் எண்ணெயும் தூக்கிக்கொடுக்கும். ஆப்பத்துக்கு அந்தத் துணை இல்லை. முந்தின நாளே மாவு அரைத்துப் புளிக்க வைத்திருக்க வேண்டும். சட்டியைச் சுழற்றியதும் ஓரத்தில் சல்லடைத் துணி போல மெல்லிய மொறுமொறுப்பு வரவேண்டும், நடுவில் பஞ்சு. இவ்வளவும் சரியாக வந்தாலும், சட்டியிலிருந்து எடுத்து இரண்டு நிமிடம் போனால் ஓரம் துவண்டுவிடும். பெரிய ஹோட்டல்களில் சமையலறை ஒரு கோடியில், மேஜை இன்னொரு கோடியில். நடுவில் ஒரு நீண்ட நடை. நான்கு பேருக்கு நான்கு ஆப்பத்தையும் அடுக்கி ஒரே தட்டில் மூடிக் கொண்டுவந்தால், மூடியைத் திறந்ததும் ஆவியில் நனைந்த துணி மாதிரி கிடக்கும். நன்றாக நடக்கிற இடத்தில் ஒவ்வொன்றாகத்தான் வரும். கொண்டுவருகிறவர் நடக்கும் வேகத்திலேயே அது தெரியும். ஒருவர் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் அடுத்தது வந்து விழும். அந்த நான்கு ஆப்பத்துக்காக ஒரு ஆள் சமையலறைக்கும் மேஜைக்கும் எட்டு நடை நடக்கிறார். என் பணம் அந்தக் கால்களுக்குப் போகிறது என்றால் எனக்குச் சம்மதம். ரசத்தைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிப் புகை விடுவதற்குப் போகிறது என்றால் சம்மதமில்லை.

எங்கள் அத்தை நாற்பது வருஷம் பெரிய குடும்பத்துக்குச் சமைத்தவர். அவரை நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தோம். வாழைக்காய் வறுவலையும் பருப்புத் துவையலையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். அவரிடம் அது பெரிய பாராட்டு. ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது கொதிச்சுப்போன ரசம்டா. நுரை கட்டினதும் இறக்கியிருக்கணும். மிளகு வாசனையே இல்லை பாரு."

நான் குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. புளிப்பு இருந்தது, காரம் இருந்தது, வாசனை போயிருந்தது. மதியத்துக்கென்று வைத்ததைச் சுடுநீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். சீரகமும் மிளகும் தட்டிப்போட்ட வாசனை அரைமணி நேரத்துக்குமேல் தங்காது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் தாலியில், மற்றதெல்லாம் தேறி, ரசம் தோற்றது.

பெரிய ஹோட்டலில் குறை சொல்லத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்தச் சூழலே வாயை அடைத்துவிடும். அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் நான் குறை சொன்னபோது மேனேஜர் மிகவும் பவ்யமாக வந்து, "அந்த ஐட்டத்தை பில்லுல எடுத்துடறோம் சார்" என்றார். எடுத்தும் விட்டார். என்ன கெட்டுப்போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, ஒரு கரண்டி எடுத்து ருசிபார்க்கவில்லை. பணம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அவர்களுக்கு அந்தப் பண்டத்தின்மேல் அக்கறை இல்லை என்பதற்கு அது ரசீது. அங்கே மறுபடி போகவில்லை.

அத்தை குறை சொன்னபோதும் நான் எதிர்பார்த்தது அதே பதில்தான். பரிமாறிய பெண் இன்னும் பயிற்சியில் இருப்பவர். அத்தை சொன்னதைக் கேட்டு முகம் சற்று வாடியது. ஆனாலும், "உள்ள சொல்றேன் பாட்டி" என்று போனார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தொப்பியோடு நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். "உண்மைதாம்மா, ரொம்ப நேரம் நின்னுபோச்சு. வேற வச்சுத் தரேன், பத்து நிமிஷம் பொறுத்துக்கறீங்களா?" என்றார். அத்தை, "பெருங்காயத்தைக் கடைசியா நெய்யில பொரிச்சுப் போடுங்க தம்பி" என்றார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வந்தது சின்ன ஈயச் சொம்பில். மூடியைத் திறந்தபோதே வாசனை மேஜைக்கு வந்துவிட்டது. அத்தை சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார், பிறகு மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அந்தச் சமையல்காரர் தூரத்தில் கதவோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொம்பு ரசம்தான் அது. ஒரு கிழவி சொன்னதற்காக அடுப்பில் புதிதாக ஏறியது. பில்லில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அன்றைக்குக் கொடுத்த தொகை முழுவதற்கும் அந்தச் சொம்பு ஒன்றே பதில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் அத்தையின் பேத்திக்குப் பிறந்தநாள் வருகிறது. எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டார்கள். அந்த ஹோட்டலைத்தான் சொல்லியிருக்கிறேன். பஃபே வேண்டாம், பட்டியலைப் பார்த்துச் சொல்லிச் சாப்பிடலாம், மதியம் பன்னிரண்டரைக்கே போய்விட வேண்டும். அப்போதுதான் ரசம் அடுப்பிலிருந்து இறங்கும்.