பேய்க்கதையில் பிறந்த மெட்டு

1944ஆம் ஆண்டில் பாரமௌண்ட் கம்பெனியார் வெளியிட்ட ‘தி அன்இன்வைட்டட்’ என்ற பேய்க்கதைப் படத்தை இன்று தேடிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும் அதற்காக விக்டர் யங் இயற்றிய ‘ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்’ என்னும் மெட்டை வாசித்துப் பழகாத ஜாஸ் வித்வானைக் காண்பது அபூர்வம்.

படத்தின் கதாநாயகன், கார்ன்வால் கடற்கரையில் ஒரு பழைய மாளிகையை வாங்கிக் குடியேறிய சங்கீதக்காரன். ஸ்டெல்லா என்ற பெண்ணுக்காக அவன் பியானோவில் இதை வாசித்துக்கொண்டிருக்கையில், பிரேமையில் தொடங்கிய வாசிப்பு, அந்த அறையில் உறையும் ஏதோ ஒன்றின் சாயை படிந்தாற்போல், அவன் விருப்பத்தையும் மீறிச் சோகத்தில் இறங்கிவிடுகிறது. காட்சி போகும் வழியில் சங்கீதமும் போகவேண்டும் என்ற இந்த நிர்ப்பந்தம், நாடக மேடைக்குப் பாட்டுக் கட்டியவர்களுக்கு இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அக்காலத்து அமெரிக்கப் பாட்டுகளில் பெரும்பாலும் முதற்பகுதி திரும்பத் திரும்ப வந்து காதில் படிந்துவிடும். இதிலோ 32 தாளக் கட்டங்களுக்குள் எந்தப் பகுதியும் அப்படியே மீள்வதில்லை. ஆதார ஸ்வரத்தில் வந்து அமர்ந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிற இடத்திலெல்லாம் பிடிகொடாமல் நழுவி, கடைசியில்தான் நிலைகொள்கிறது. முணுமுணுத்துத் திரிகிறவனுக்கு இது சங்கடம்; மனோதர்மத்தை நம்பி வாசிக்கும் வித்வானுக்கோ இதைவிடப் பெரிய பாக்கியம் வேறில்லை. பேய்க்காக விட்டுவைத்த இடத்தில் அவன் குடியேறிவிடுகிறான்!

1946இல் நெட் வாஷிங்டன் சாகித்யம் எழுதினார். மறு வருஷம் ஃபிராங்க் சினாட்ரா பாடினார். மெட்டு பிழைத்தது அந்தச் சாகித்யத்தால் அல்ல என்பது என் அபிப்பிராயம். 1952இல் சார்லி பார்க்கர் வயலின் கோஷ்டியோடு வாசித்தார். அதற்குப் பின் வந்தவர்களோ, யங் எழுதிய முதல் ஸ்வரக் கூட்டையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, அதையே வழக்கமுமாக்கிவிட்டார்கள். சாஸ்திரத்தில் பிடிவாதமுள்ளவர்கள் இதை அபசாரம் என்பார்கள். எனக்கு அந்தத் திருத்தமே பிடித்திருக்கிறது.

1964 பிப்ரவரியில் நியூயார்க் பில்ஹார்மானிக் மண்டபத்தில் மைல்ஸ் டேவிஸ் கோஷ்டியார் வாசித்தபோது, ஒரு ரசிகர் தம்மை மறந்து கூவிவிட்டது இசைத்தட்டில் அப்படியே பதிந்திருக்கிறது. பார்க்கரை முதலில் கேட்டுவிட்டு அதன்பின் அந்தத் தட்டைக் கேளுங்கள்; படத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.