படுத்திருப்பவரைக் கேளுங்கள்!

சித்தன்னவாசலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், குகைக் கோயிலின் விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைத் தடாகத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். மீனும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதர்களும் நிறைந்த அந்தச் சித்திரம், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், மங்கிய நிலையிலும் மனத்தைக் கவர்கிறது. ஆனால், வாசகர்களே, நான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தது சித்திரத்தைப் பற்றி அல்ல; படுக்கையைப் பற்றி!

அதே மலையில் 'ஏழடிப்பட்டம்' என்று ஓர் இடம் இருக்கிறது. பாறையில் கால் வைத்துப் போவதற்கு ஏழு படிகள் வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். மூச்சு வாங்க ஏறிப் போனால், இயற்கையாக அமைந்த ஒரு குகை. அதனுள்ளே வழவழவென்று இழைத்த 17 கல் படுக்கைகள். தலை வைத்துக் கொள்ளத் தலையணை போல் ஒரு மேடு கூட உண்டு. ஒரு படுக்கையின் ஓரத்தில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே வெட்டப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. சமண முனிவர்கள் தவம் செய்த இடம் இது. உண்ணா நோன்பிருந்து இங்கே உயிர் நீத்தவர்களும் உண்டு என்று தொல்லியல் அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அந்தக் கல் படுக்கைகளைப் பார்த்ததும் எனக்கு என் அத்தை படுத்திருந்த இரும்புக் கட்டில் நினைவுக்கு வந்தது. அத்தைக்குப் புகுந்த வீடு அன்னவாசல் பக்கம். அவளுடைய முதல் வருஷத் திதிக்காகத்தான் நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். இத்தனை அருகில் இருந்தும் அவள் ஒரு தடவை கூட இந்த மலைமீது ஏறியதில்லை. "ஊரு தேசத்துக்காரவுக எல்லாம் வந்து பாக்குறாக. நமக்கு மாடு கன்னை விட்டுட்டு வர முடியுதா, அப்பு?" என்று சிரிப்பாள்.

அத்தைக்கு வயிற்றில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டது. டாக்டர் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். அத்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தாள். அவளுடைய வயிறு, அவளுடைய நோய், அவளுக்கு மட்டும் அது தெரியக்கூடாது என்று ஐந்தே நிமிஷத்தில் நாங்கள் எல்லோரும் தீர்மானித்துவிட்டோம்!

"எனக்கு என்னப்பு? நெசத்தைச் சொல்லு" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வயிற்றுப் புண் அத்தை. மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும்" என்றேன்.

பத்திரிகைக்காரன் நான், வார்த்தைகளை விற்றுப் பிழைப்பவன். அன்றைக்கு அந்த ஒரு பொய் எவ்வளவு சுலபமாக வந்தது, தெரியுமா?

பிறகு மூச்சுத் திணறல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன். தொண்டையில் குழாய், அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கைகளும் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. பதினோரு நாள் அப்படிக் கிடந்து அத்தை போய்ச் சேர்ந்தாள்.

உடலை வாங்கக் காத்திருந்தபோது வார்டு ஆயா என் அருகில் வந்தாள். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் மனசு கஷ்டப்படுமேன்னு தெரியாத மாதிரி இருந்தாங்க. வீட்டுக்குக் கூட்டிப் போனா மாட்டுக் கொட்டகைப் பக்கமே படுத்துக்குவேன்னு என்கிட்டே சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

அத்தை அந்த ஆசையை ஆயாவிடம் சொன்னாள்; என்னிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி அவள் வாயை அடைத்தது குழாய் அல்ல. அதற்கு முன்பே நான் சொன்ன பொய்தான்.

இதையெல்லாம் நினைத்துக் கொண்டு அந்தக் குகையில் நின்றேன். சமணர்கள் சல்லேகனை என்று சொல்லும் நோன்புக்கு அவர்களுடைய நூல்கள் கடுமையான விதிகள் வகுத்திருக்கின்றன. தீராத நோய், தள்ளாத முதுமை, பஞ்சம் போன்ற தவிர்க்க முடியாத நிலையில்தான் அதை மேற்கொள்ளலாம். சுற்றத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு, தானும் மன்னித்து, தெளிந்த மனத்துடன் தொடங்க வேண்டும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் நோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியருக்குப் பாறையில் கல்வெட்டே இருக்கிறது. இந்த வழக்கம் சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தடை செய்ததும், அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். நான் கவனித்தது ஒன்றுதான். அந்தக் கல் படுக்கையில் படுத்தவர் தாமே அறிந்து, தாமே முடிவு செய்து படுத்தார். என் அத்தையின் கட்டிலில் மட்டும் முடிவு செய்தவர்கள் வேறு, படுத்தவள் வேறு.

இது வெறும் மனச்சாட்சி விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமும் இதைச் சொல்லுகிறது. 1995-ல் புது டில்லியில் ஒரு பெண்மணி பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கொண்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2008-ல் நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? அந்த நேரத்தில் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. அவர் விழிக்கும் வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும். வயது வந்த, புத்தி தெளிவுள்ள ஒருவருக்காகத் தாயார் கூடச் சம்மதம் கொடுக்க முடியாது என்றார்கள். நோய் என்ன, சிகிச்சை என்ன, அதில் உள்ள அபாயம் என்ன, வேறு வழி உண்டா, சிகிச்சையே வேண்டாம் என்றால் என்ன ஆகும் - இவற்றைச் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்றும் விளக்கினார்கள்.

2018-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இன்னொரு தீர்ப்பு அளித்தார்கள். கௌரவமாக இறப்பதும் வாழும் உரிமையைச் சேர்ந்ததே. பிழைக்க வழியே இல்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றார்கள். 2023-ல் அந்த முறையை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் அத்தாட்சி பெற்றால் போதும். டாக்டர்கள் குழு பரிசீலித்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். தேசிய மனித உரிமைக் கமிஷன் தயாரித்து 2018-ல் வெளியான நோயாளர் உரிமை வரைவுப் பட்டியலில் 17 உரிமைகள் இருந்தன. மலையில் நான் எண்ணிய படுக்கைகளும் 17 என்பது தற்செயல்தான். ஆனாலும் மனம் அதை மறக்க மாட்டேன் என்கிறது.

"சொன்னால் பயத்திலேயே உயிர் போய்விடுமே!" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். நன்றாக யோசித்துப் பார்த்தால், பயந்தவள் அத்தை அல்ல. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நான்தான் பயந்தேன். புற்றுநோய் என்று உரக்கச் சொல்லவே ஜனங்கள் கூசிய காலத்தில், இதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறைத்து வைக்கவில்லை. அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஊரெல்லாம் பேசி, 1954-ல் அடையாற்றில் அதைத் தொடங்கியும் காட்டினார்.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அவர்கள் காதில் வலுக்கட்டாயமாக விஷயத்தைப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்?" என்று அவரையே கேட்கலாம் அல்லவா? நூறு பேரைப் பார்க்கிற டாக்டருக்கு நேரமில்லை என்பதும் வாஸ்தவம். ஆனால் நமக்கு நேரம் உண்டு. டாக்டர் நம்மைப் பார்த்துப் பேசினால், "ஐயா, அவரிடமே தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்க ஒரு விநாடி போதும். காகிதத்தை நீட்டினால், படித்துக் காட்டச் சொல்ல இன்னொரு விநாடி.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் சற்று உட்காருங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே, "உங்களுக்கு முடியாமல் போனால் எப்படிப் பார்த்துக் கொள்ள வேண்டும்? எங்கே இருக்க ஆசை?" என்று கேளுங்கள். அபசகுனம் என்று முதலில் கோபித்துக் கொள்வார்கள். பிறகு மெல்லச் சொல்வார்கள்.

மலையிலிருந்து இறங்கி அத்தை வீட்டுக்குப் போனபோது, மாட்டுக் கொட்டகையில் அவள் வளர்த்த பசு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டில் போடத் தாராளமாக இடம் இருந்தது.